ஆளில்லாத கோல்போஸ்ட்

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ நலமா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் கேட்க மாட்டேன். கேட்டால் 'ஆச்சு' என்பாய். அந்தப் பொய்யைக் காகிதத்தில் வேறு எதற்குப் படிக்க வேண்டும்?

கையில் போன் இருக்கும்போது இதென்ன புதிதாகக் கடிதம் என்று நீ கேட்பது என் காதில் விழுகிறது. போனில் நான் நூறு வார்த்தை பேசினால் நீ ஒரு 'ம்' போடுகிறாய். அதையும் எதையோ மென்றுகொண்டே போடுகிறாய். கடிதம் என்றால் உட்கார்ந்து யோசித்து எழுதியாக வேண்டும். அதோடு நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் நின்று போன் பேசினால் முதலாளியம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்க்கிறார். பேனாவைப் பிடித்தால் வேலை செய்கிறேன் என்று விட்டுவிடுகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகள் பட்டாணிக்கு வீடியோ கேம் வேண்டுமாம். கால்பந்து. பத்து வயது முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது, பேச்சு மட்டும் நாற்பது வயதுக்கு. "துப்பாக்கி கிடையாது, ரத்தம் கிடையாது, வெறும் பந்துதாம்மா" என்று வக்கீல் மாதிரி வாதாடுகிறாள்.

எந்த கேம் எந்த வயதுக்குச் சரி என்று ஆடிப் பார்த்து, ஊரில் உள்ள பெற்றோருக்கெல்லாம் சீட்டு எழுதிக் கொடுப்பதுதானே உன் வேலை. எனக்கும் ஒரு சீட்டு எழுது. ஊருக்கு எழுதுகிற மாதிரி வேண்டாம், பட்டாணிக்கென்று எழுது. தோற்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், உனக்கே தெரியும்.

இன்னொன்று. இதில் வேறு ஊரில் இருப்பவரோடு சேர்ந்து ஆடலாமாமே? தெரியாத ஆட்கள் யாரும் வராமல், ஒரே ஒருவரோடு மட்டும் ஆடும்படி வைக்க முடியுமா? ஆடும்போது பேசிக்கொள்ளவும் முடியுமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

முதுகை நேராக வைத்து உட்கார்.

உன் அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். முதுகு நேராக இருக்கிறது, இந்த வரியை எழுதும் வரைக்கும். நீயும் அத்தானும் பட்டாணியும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே, என்ன, பழுது பார்க்கப் போன லிப்ட்டுக்குள்ளேயே குடியேறிவிட்டாரா?

எங்கள் ஆபீசில் ஜன்னல் கிடையாது. ஒரு ஹால், பதினொரு டிவி, பதினொரு தடியர்கள். உள்ளே வரும்போது போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு கேமையும் நாற்பது மணி நேரம் ஆடி, நாலு பக்கப் படிவம் நிரப்ப வேண்டும். அப்பா இருந்திருந்தால் "பொழப்பத்தவன் விளையாடிக்கிட்டிருக்கான்" என்றிருப்பார். கட்டைவிரல் இரண்டும் வீங்கிக் கிடப்பதை யாரிடம் காட்டுவது?

பட்டாணி கேட்கும் கேமை முன்பே ஆடியிருக்கிறேன். அவளுக்காகப் போன வாரம் மறுபடியும் ஆடினேன். கொடுக்கலாம். ஆனால் கொடுத்துவிட்டு நீ அடுப்படிக்குப் போய்விடக் கூடாது.

ரத்தம் இல்லை என்று அவள் சொன்னது உண்மை. ஒருவன் காலை ஒருவன் வாரினால் நடுவர் அட்டை காட்டுவார், தீர்ந்தது. பெரும்பாலான பெற்றோர் இதுவரைக்கும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். எனக்குப் பயம் அந்தப் பொட்டலத்தைப் பார்த்துத்தான். நல்ல ஆட்டக்காரர்களை மூடிய உறைக்குள் வைத்து விற்கிறார்கள். உள்ளே யார் என்று காசு கொடுத்துப் பிரித்தால்தான் தெரியும். பிரிக்கும்போது வெளிச்சமும் கைதட்டலும் தூள் பறக்கும். பெரியவர்களே மயங்கிப்போகிறார்கள். சூதாட்டத்தின் கூடப்பிறந்த தங்கை அது. அதற்கு ஒரு பூட்டு உண்டு, எப்படிப் போடுவது என்று பின்பக்கம் படம் வரைந்திருக்கிறேன். ரகசிய எண்ணாக அவள் பிறந்தநாளை வைக்காதே. முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பாள்.

அடுத்தது ஆட்கள். திறந்து வைத்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், குழந்தையின் காதில் பேசலாம். எங்கள் படிவத்திலேயே சிவப்பு மையில் இருப்பது ஒரே ஒரு வரிதான். 'யாரிடமும் சொல்லாதே என்று குழந்தையிடம் ஒருவர் சொன்னால், ஆட்டத்தை அங்கேயே நிறுத்தவும்.' நீ கேட்ட மாதிரி ஒரே ஒருவரோடு மட்டும் ஆடவைக்கலாம், பேசவும் முடியும். அந்த ஒருவர் யார், பள்ளித் தோழியா?

மூஞ்சி தூக்குவதற்கு மட்டும் கேமில் பூட்டு இல்லை. பெரியவர் யாராவது கூட உட்கார்ந்து ஆடி, நன்றாகத் தோற்று, சிரித்துக் காட்ட வேண்டும். உன் வீட்டில்தான் ஒரு பந்துப் பைத்தியம் இருக்கிறதே! ஹாஸ்டலில் தலையணைக்குப் பதில் பந்தை வைத்துத் தூங்கிய ஆள். அத்தானைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வை. அதைவிடப் பெரிய பாதுகாப்பை எந்தக் கம்பெனியும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

பட்டாணியின் கன்னத்தைக் கிள்ளியதாகச் சொல்.

உன் தம்பி

மார்ச் 1

பட்டாணியின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். புது ஊர்த் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா?

நீங்கள் சொன்ன அந்த விளையாட்டைப் பற்றித் தம்பியிடம் விசாரித்தேன். கொடுக்கலாம் என்கிறான். வாங்கிவிட்டேன். உங்களைத் தவிர வேறு யாரும் ஆட வர முடியாதபடி வைத்திருக்கிறேன். ஞாயிறு மாலை நான்கிலிருந்து ஐந்து வரை. ஐந்துக்கு மேல் ஐந்து நிமிடம்கூட வேண்டாம், மறுநாள் பள்ளி.

புதன்கிழமைதோறும் போனில் நீங்கள் 'சாப்டியா' என்கிறீர்கள், அவள் 'ம்' என்கிறாள். 'படிச்சியா' என்கிறீர்கள், அதற்கும் 'ம்'. அப்புறம் இரண்டு பேரும் மூச்சு விடுவது மட்டும் கேட்கிறது. நமக்குள் ஒத்துவரவில்லை, பிரிந்துவிட்டோம். அது நம்மோடு போகட்டும். அவளுக்கு அப்பா வேண்டும். பந்து ஒன்று நடுவில் இருந்தால் உங்களுக்குப் பேச்சு வரும் என்பது எனக்குத் தெரியும்.

தம்பிக்கு நம் விஷயம் இன்னும் தெரியாது. அவன் கொண்டுவந்த சம்பந்தம் இது. தெரிந்தால் பழியை எல்லாம் தன் தலையில் அள்ளிப் போட்டுக்கொள்வான். நேரம் பார்த்து நானே சொல்கிறேன், அதுவரை நீங்கள் சொல்ல வேண்டாம். மாமாவிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று பட்டாணியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உயரத்தில் வேலை செய்யும்போது பெல்ட்டை மாட்டிக்கொள்ளுங்கள்.

பட்டாணியின் அம்மா

மார்ச் 24

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் கட்டைவிரல் வீக்கத்துக்கு வெந்நீரில் உப்புப் போட்டு ஒத்தடம் கொடு.

கேம் வந்துவிட்டது. நீ வரைந்த படத்தைப் பார்த்துப் பூட்டும் போட்டேன். உனக்கு ஓவியம் வராது என்பது பள்ளிக்கூடத்திலேயே தெரிந்ததுதான், ஆனாலும் புரிந்தது. நீ சொன்னபடியே அவள் முதலில் பிறந்தநாளைப் போட்டுப் பார்த்தாள். அப்புறம் என் பிறந்தநாள். அப்புறம் உன்னுடையது. கடைசியில் "மாமா சொல்லிக் குடுத்துட்டாரா?" என்று முறைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடே திருவிழா. மூன்றரைக்கே தலை சீவி, முகம் கழுவி, டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். டிவிக்கு என்னடி தெரியப்போகிறது என்றால் காதில் வாங்குவதில்லை. தோற்றாலும் முன்போல மூஞ்சி தூக்குவதில்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். எனக்கே நம்ப முடியவில்லை.

கடையில் போன வாரம் ஒரு வேடிக்கை. லைசென்ஸுக்குக் கண் பரிசோதனை என்று ஒரு பஸ் டிரைவர் வந்தார். எழுத்துப் பலகையில் கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பித்தார். ஏதோ உறுத்தியது. பலகையை மாற்றினேன். இரண்டாவது வரியே தெரியவில்லை. "போன தடவை வந்தப்போ மனப்பாடம் பண்ணிட்டேம்மா" என்று தலையைச் சொறிந்தார். கடையே சிரித்தது. வீடு வந்து சேரும் வரை எனக்கு மட்டும் அவர் முகமே நினைவில் இருந்தது.

தூங்கு, நேரத்துக்கு.

உன் அக்கா

மாமா, நான் பட்டாணி. அம்மா கவரை ஒட்டுறதுக்குள்ள எழுதுறேன். நான் இதுவரைக்கும் ஆறு கோல் போட்டுட்டேன். என்கூட ஆடுறவங்க பேரு 'எட்டாவது மாடி'. நிஜப் பேரை உங்ககிட்ட சொல்லக் கூடாது, ரகசியம். அவங்க பெரியவங்க. ரொம்ப நல்லவங்க. உங்களையும் பாக்குறவங்க லிஸ்ட்ல சேத்துட்டேன், அதுக்குப் பூட்டு இல்ல. கேலரில உக்காந்து பாக்கலாம், பேசுறது கேக்காது. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வாங்க.

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. பட்டாணி கவருக்குள் நாலு வரி எழுதியிருந்தாளே, அது உனக்குத் தெரியுமா? அவளோடு ஆடுவது ஒரு பெரிய ஆளாம். பெயரைச் சொல்லக் கூடாதாம், ரகசியமாம். நான் சிவப்பு மையைப் பற்றி எழுதியது நினைவிருக்கிறதா?

யார் அந்த எட்டாவது மாடி? உனக்கு நேரில் தெரியுமா, இல்லை 'ரொம்ப நல்லவங்க' என்று பட்டாணி சொன்னதை வைத்து நீயும் நம்புகிறாயா? மூன்று முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அத்தானிடம் கேட்கலாம் என்றால் அவர் நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது. ஒரு வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்துகொண்டு இப்படியா அசட்டையாக இருப்பது? அத்தான் அந்த நேரத்தில் எங்கே போகிறார்?

கோபம் இல்லை அக்கா, பயம். இந்த வேலையில் நான் படிக்கிற புகார்களை நீ படித்தால் உனக்குத் தூக்கம் வராது. உடனே எழுது.

தம்பி

ஏப்ரல் 11

அன்புத் தம்பிக்கு,

நலம். நீ பயப்படும்படி எதுவும் இல்லை. அவர் எனக்குத் தெரிந்தவர்தான், நம்பிக்கையான ஆள். ரகசியம் என்று அவள் சொன்னது குழந்தைப் பேச்சு. அத்தானுக்குப் புது நம்பர், பிறகு தருகிறேன். கடையில் நெரிசல், அதனால் போன் எடுக்க முடியவில்லை.

இதற்கு மேல் இதைப் பற்றிக் கேட்காதே, என் கண்ணல்லவா. இங்கே வெயில் ஏறிவிட்டது. நீ தண்ணீர் நிறையக் குடி.

அக்கா

மே 12

அன்புத் தம்பிக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. என் மேல் கோபமா? இருந்தால் இருக்கட்டும், இதற்கு மட்டும் பதில் எழுது.

அந்த கேமில் ஏதாவது கோளாறா? மூன்று ஞாயிறாக எட்டாவது மாடி வரவில்லை. முதல் வாரம் பட்டாணி நான்கு மணியிலிருந்து ஆறரை வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஐந்தோடு எழுந்துவிட வேண்டும் என்ற என் சட்டத்தை நானே மறந்துவிட்டேன். இரண்டாவது வாரமும் தலை சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். நேற்று சீவவில்லை. டிவி மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டாள்.

என்னடி என்று கேட்டேன். படுத்த பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள். "கடைசி ஆட்டத்துல எனக்கு ஒரு பெனால்டி கெடச்சுதும்மா. நான் வெளிய அடிச்சுட்டேன். அதனாலதான் வரலை."

அப்படியெல்லாம் இருக்காது என்று எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை. ஒரு பெனால்டிக்காக ஒருவர் தன்னை விட்டுப் போய்விடுவார் என்று பத்து வயதில் ஒரு பிள்ளை நினைக்கலாமா? நீ விவரம் தெரிந்தவன். அந்தப் பக்கம் என்ன ஆனது என்று பார்த்துச் சொல்.

உனக்கு எழுத வேண்டியது இன்னும் இருக்கிறது. இன்று வேண்டாம்.

அக்கா

மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. கேமில் கோளாறு இல்லை. அந்த ஆளை வெளியே தள்ளியது நான்தான்.

'தெரிந்தவர், நம்பிக்கையான ஆள், இதற்கு மேல் கேட்காதே.' ஏமாந்த பெற்றோர் எல்லோரும் இதே வரியைத்தான் எழுதுகிறார்கள் அக்கா. அதனால் நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன். பட்டாணி என்னைச் சேர்த்துவிட்டிருந்தாளே, ஏப்ரலில் இரண்டு ஞாயிறு கேலரியில் உட்கார்ந்து பார்த்தேன். குரல் கேட்காது, ஆட்டம் மட்டும் தெரியும். அது போதும் எனக்கு. பன்னிரண்டு வருடமாக இதைத்தானே பார்க்கிறேன்.

அவன் கெட்டிக்கார ஆட்டக்காரன். ஆனால் கோல் அடிப்பதே இல்லை. இருவரும் ஒரே அணி, எதிரணி கம்ப்யூட்டர். அதன் கோலியைக் கூடத் தாண்டிவிட்டு, ஆளில்லாத கோல்போஸ்ட்டுக்கு முன்னால் தனியாக நிற்கிறான். காலை அசைத்தால் கோல். அடிக்கவில்லை! பந்தை அப்படியே காலில் வைத்துக்கொண்டு, பட்டாணி ஓடி வரும் வரை காத்திருந்து அவளுக்குத் தள்ளிவிடுகிறான். ஒரு முறை அல்ல, ஒன்பது முறை எண்ணினேன். எந்த ஆட்டக்காரன் இப்படிச் செய்வான்? குழந்தையைக் குளிரவைத்து வசப்படுத்தப் பார்க்கிறவன்தான் செய்வான். அவள் பெனால்டியை விட்டபோது மைதானத்தில் அவளைச் சுற்றி மூன்று சுற்று ஓடினான், ஏதோ பெரிய ஆறுதல் சொல்கிற மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எங்கள் ஆபீசிலிருந்து ஒரு புகார் போனால் கம்பெனி அன்றைக்கே ஆளை நிறுத்திவைக்கும். அனுப்பினேன். எட்டாவது மாடியாம், அங்கிருந்தே பிடித்துக் கீழே தள்ளியாகிவிட்டது! உன்னிடம் சொன்னால் தடுப்பாய் என்றுதான் சொல்லவில்லை.

பட்டாணி கொஞ்ச நாள் அழுவாள், மறந்துவிடுவாள். அவளிடம் பெனால்டியால் இல்லை என்று மாமா சொன்னதாகச் சொல். அத்தானிடமும் நடந்ததை எல்லாம் விவரமாகச் சொல். இனியாவது அவர் பக்கத்தில் உட்காரட்டும்.

உன் தம்பி

மே 26

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். முதலில் உன்னை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகை வந்துவிட்டது. முதலாளியம்மா என் கையைப் பிடித்துப் பின்னறையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

எட்டாவது மாடி உன் அத்தான்தான்.

ஜனவரியிலேயே போய்விட்டார். அடிதடி, அழுகை, கதவை அறைவது எதுவும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் மாதிரி மூன்று வருடம் இருந்தோம். ஒரு நாள் இரண்டு பேருமே அதைச் சொல்லிவிட்டோம். அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அங்கே எட்டாவது மாடியில் ஒரு அறை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ உன் ஹாஸ்டல் நண்பனைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தாய். "அக்கா, இவனைவிட நல்லவன் எனக்குத் தெரியாது" என்றாய். அதில் பொய் இல்லை. நல்லவர்தான். எனக்கும் அவருக்கும் சேர்ந்து இருக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். இதை உன்னிடம் போனில் சொன்னால் என் குரல் உடைந்துவிடும், ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தேன். அதற்குத்தான் கடிதம். முதலாளியம்மா, உன் 'ம்', எல்லாம் சாக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். அந்த பஸ் டிரைவர் மாதிரி நானும் 'எல்லோரும் நலம்' என்று மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் வந்த அன்றே அவருக்குப் போன் செய்தேன். பிரிந்த பிறகு நானாகச் செய்வது அதுதான் முதல் தடவை. "நீதான் கதவை அடைச்சுட்டேன்னு நெனச்சேன்" என்றார். "நீங்கதான் வர்றதை நிறுத்திட்டீங்கன்னு நான் நெனச்சேன்" என்றேன். நடுவில் நாலு புதன்கிழமை போனில் பேசியிருக்கிறார். 'சாப்டியா, படிச்சியா', அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால் என் மேல் புகார் சொன்னதாகும் என்று அவர் சும்மா இருந்தார். கேட்டால் பெனால்டி பேச்சு வரும் என்று அவள் சும்மா இருந்தாள்.

நீ ஒரு அவசரக்குடுக்கை. ஆனாலும் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. 'யாரிடமும் சொல்லாதே' என்று பட்டாணியிடம் சொன்ன பெரிய ஆள் நான்தான். உன் சிவப்பு மை என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது. என் பிள்ளைக்கு ஒரு ஆபத்து என்றால் நீ கேலரியிலிருந்து குதித்து வருவாய் என்று தெரிந்துகொண்டேன், அதற்காக உனக்கு விட நினைத்த அறையில் பாதியைக் குறைத்துக்கொள்கிறேன்.

இப்போது அந்தக் கதவைத் திற. எப்படித் திறப்பாயோ எனக்குத் தெரியாது.

அக்கா

ஜூன் 3

அன்புள்ள அத்தானுக்கு,

இல்லை. டேய்.

கல்யாணத்தன்று உன்னை 'வாங்க போங்க' என்று கூப்பிடச் சொல்லி அம்மா என்னை மிரட்டினாள். அன்றிலிருந்து நீ அத்தான். இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் பழையபடி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

உன்னை வெளியே தள்ளியவன் நான். லிப்ட் மெக்கானிக் வைத்த பெயர் 'எட்டாவது மாடி'. பட்டாணி வயதுப் பிள்ளைகூட யோசித்திருக்கும். நான் யோசிக்கவில்லை. என் கணக்கில் நீ அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். ஆளில்லாத கோல்போஸ்ட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு பந்தைத் தள்ளிக் கொடுப்பவன் அயோக்கியனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்பனாகவும் இருக்கலாம் என்று பன்னிரண்டு வருட அனுபவம் சொல்லித் தரவில்லை.

புகாரை நானே வாபஸ் வாங்கிவிட்டேன். சொந்த அத்தானைப் பிடித்துக் கொடுத்த கதையை மேலதிகாரியிடம் ஆதியோடு அந்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. பத்துத் தடியர்களும் சிரித்தார்கள். பதினைந்தாம் தேதி ஞாயிறுக்குள் உன் கதவு திறந்துவிடும். படிவத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'கேமைப் பற்றிச் சொல்வதற்கு முன், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கவும்.' ஊருக்கெல்லாம் சீட்டு எழுதுகிறவன் சொந்த அக்காவிடம் அதைக் கேட்கவில்லை.

நான் அக்கா பக்கம்தான். அதில் மாற்றமில்லை, அதை நீயும் எதிர்பார்க்க மாட்டாய். ஆனால் பட்டாணி பக்கம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே நீயும் நானும் ஒரே அணி. ஆறு ஞாயிறை அவளிடமிருந்து பறித்துவிட்டேன். மன்னித்துவிடு.

பெல்ட் மாட்டிக்கொண்டு வேலை செய்.

உன் பழைய அறைக்காரன்

ஜூன் 16

அன்புத் தம்பிக்கு,

கதவு திறந்துவிட்டது. நேற்று நாலு மணிக்கு.

நான் ஒன்றும் சொல்லவில்லை, டிவி மேல் கிடந்த துண்டை மட்டும் எடுத்துவிட்டு அடுத்த அறையில் துணி மடிக்க உட்கார்ந்தேன். ஒரே துணியை நாலு தடவை மடித்தேன். பட்டாணி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள், தலை சீவாமல். முதலில் இரண்டு பேரும் பேசவே இல்லை. புதன்கிழமை மாதிரியே ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். அப்புறம் அவர் குரல் வந்தது. "மாமா எனக்கு ரெட் கார்டு குடுத்து வெளிய அனுப்பிட்டார்டா. அதான் வர முடியலை. பெனால்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நெஜமாவா?"

"மாமாவையே கேட்டுப் பாரு."

"மாமா ஏன் குடுத்தாரு?"

"நான் கோலே அடிக்க மாட்டேங்கிறேனாம்."

பட்டாணி சிரிக்கவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். நான் கதவோரம் வந்து நின்று பார்த்தேன். நாலு பேரைத் தாண்டினாள், கோலியையும் தாண்டினாள். முன்னால் கோல்போஸ்ட் காலியாகக் கிடந்தது. நீ எழுதியிருந்தாயே, அதே மாதிரி. அங்கே போய் நின்றுவிட்டாள். "நீங்க அடிங்கப்பா" என்று பந்தை அவருக்குத் தள்ளினாள்.

அவர் அடித்தார். பந்து கம்பத்துக்கு மேலே ஒரு மாடி உயரத்துக்குப் போனது.

வேண்டுமென்று விட்டாரா, கை தவறிவிட்டதா, எனக்குத் தெரியாது. அப்புறம் என் பிள்ளை சொன்னாள். "பரவால்லப்பா. நானும் அன்னைக்கு வெளியதான அடிச்சேன். அதுக்காக யாராவது போயிடுவாங்களா?"

ஐந்து மணி ஆனது. நான் மேஜைக் கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

மேலே பார், 'எல்லோரும் நலம்' என்று இந்தத் தடவை எழுதவில்லை. பட்டாணி நலம். நான் இன்னும் இல்லை. வீட்டில் ஒரு தட்டு அதிகமாக எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன், இப்போதும். தேறிவிடுவேன். உன்னிடம் மறைக்க எதுவும் மிச்சமில்லை, அதனால் இனிக் கடிதமும் வேண்டாம்.

இது கைக்குக் கிடைத்ததும் போன் செய். என் குரல் உடைந்தால் உடையட்டும். நான் நூறு வார்த்தை பேசுவேன். நீ எதையாவது மென்றுகொண்டே 'ம்' போடு. அது போதும் எனக்கு.

உன் அக்கா